பலகை அடித்த ஜன்னல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு ஜன்னலின் கதை சொல்கிறேன்.

இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது ஒரு கிராமத்து நர்ஸின் வேலை. ஒரு நாள், முந்தின மாதம் தாயைப் பறிகொடுத்த ஒரு தச்சன் வீட்டுக்குப் போனாள்.

"வயசாச்சு, போயிட்டாங்க. அப்படியே எழுதிக்கோங்க சிஸ்டர்," என்றான் தச்சன்.

"வெறும் வயசு யாரையும் கொல்லாதுண்ணே. இருமல் இருந்துச்சா?"

"ரொம்ப வருஷமா. குளிர்காத்து படக்கூடாதுன்னு அடுக்களை ஜன்னலை நானே பலகை அடிச்சு மூடினேன். அப்புறம் இன்னும் ஜாஸ்திதான் ஆச்சு."

உள்ளே அவன் மனைவி விறகடுப்பை ஊதிக்கொண்டே இருமினாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். புகை போக வழியில்லாமல் சுவரெல்லாம் கரி. இதே கேள்வியோடு மறுபடி இந்த வீட்டுப் படியேறக் கூடாது என்று முடிவு செய்தாள்.

"பாசத்துலதான் மூடினீங்கண்ணே. ஆனா அம்மா நெஞ்சைத் தின்னது காத்து இல்ல, புகை. இப்ப அண்ணியும் இருமுறாங்க, கேக்குதா?"

தச்சன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் ஜன்னல் செஞ்சு குடுக்குற மனுஷன், எனக்கு மட்டும் பலகை!" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

அவன் சுத்தியலைத் தேடி எடுத்தான். பலகை பெயர்ந்து விழுந்ததும், காத்திருந்தது போலப் புகை வெளியே ஓடியது.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும், ஜன்னல் அடைபடாமல் இருக்கட்டும். எல்லோரும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு நீடூழி வாழுங்கள்.