நாத்தனார் விரலில் குத்திய ஊசி

என் நாத்தனார் நடிக்கிறான்னுதான் ஏழு மாசம் நினைச்சேன். நினைச்சேன் என்ன, சத்தியமே பண்ணியிருப்பேன்.

எங்க தையல் கடையில துணி வெட்டுறது நான். கொக்கி, பட்டன், காஜா எல்லாம் அவ. திடீர்னு ஒரு நாள் ஊசி பிடிக்க வரலைன்னா. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில மடங்க மாட்டேங்குதாம். முன்கையில கொஞ்ச நாள் வலி இருந்துச்சாம், அதுவும் போயிடுச்சாம். வீக்கம் இல்ல, காயம் இல்ல. இதுல எதிர்க் கடைக்காரி வேற ரெண்டு தடவை வந்து இவகிட்ட குசுகுசுன்னு பேசிட்டுப் போனா. எனக்கா புரியாது? அங்க வேலைக்குத் தாவத்தான் இந்தக் கூத்து!

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் அண்ணி"ன்னா.

இருடி, முதல்ல நானே பார்த்துடறேன்னு, அவ அசந்த நேரமா அந்த ஆள்காட்டி விரல்ல ஊசியால ஒரு குத்து. "அய்யோ!"ன்னு துள்ளினா. மாட்டினாளா! விரல் வேலை செய்யலைன்னா குத்தினது எப்படித் தெரியும்? தையல்காரிகிட்டயே உன் தங்கச்சி ஊசி வித்தை காட்டுறாய்யான்னு அவ அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவரும் நம்பிட்டார். அப்புறம் அவ ஆஸ்பத்திரி பேச்சையே எடுக்கல.

கடைசியில கையும் களவுமா பிடிக்கணும்னு நானே டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். ரெண்டு விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னாங்க. இவளுக்கு நுனி வளையவே இல்ல, ரெண்டும் சப்பையா ஒட்டிக்கிச்சு.

"குத்தினா வலிக்குதே டாக்டர்! நான் குத்திப் பார்த்தேனே"ன்னேன்.

அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "வலிக்கத்தான் செய்யும். முன்கையில அழுந்தியிருக்கிற இந்த நரம்புக்கு விரலை மடக்குறது மட்டும்தான் வேலை. தோல்ல உணர்ச்சிக்கு வேற நரம்பு."

தசையில மெல்லிசா ஊசி இறக்கி மெஷின்ல பார்த்தாங்க. இவ மடக்கப் பார்த்து வேர்த்துப்போனா, திரையில கோடு அசையல. மெஷின் பொய் சொல்லுமா?

"எத்தனை மாசமா இப்படி? ஏன் முன்னாடியே வரல?"

நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்ல. "கடையில வேலை ஜாஸ்தி டாக்டர். நான்தான் தள்ளிப்போட்டேன்"ன்னா. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. எதிர்க் கடைக்காரி அப்படி வந்து குசுகுசுத்ததும், கையை டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்லத்தானாம். அதையும் அன்னைக்குத்தான் சொன்னா.

முழங்கைக்குக் கீழ கிழிச்சு, நரம்பை இறுக்கிட்டிருந்த நார்ப்பட்டையை வெட்டி விட்டாங்க. "நரம்புக்கு இடம் கொடுத்தாச்சும்மா. ஆனா இவ்வளவு நாள் சும்மா கிடந்த தசை எவ்வளவு தேறும்னு தெரியாது. சீக்கிரம் வந்திருந்தா சரியாயிடும்னு தைரியமா சொல்லியிருப்பேன்"னாங்க டாக்டரம்மா.

ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு. தினமும் கேக்கறேன், "இப்போ மடங்குதாடி?"

"மடங்குது அண்ணி." கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டேதான் சொல்றா.

எங்க காட்டுன்னு கேக்க எனக்கு வாய் வரல.