கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கிறவன்

என்னைப் பற்றி அம்மா என்னிடமே புகார் சொன்னாள். மலேசியாவின் குருண் ஊரில், தாமான் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், அவள் உள்ளிருந்து பூட்டிய கம்பிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். போன் அடித்தது. அம்மாவின் நம்பர். சட்டென்று காருக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன்.

“டேய் சில்வெஸ்டர், எங்கடா இருக்க? எவனோ ஒருத்தன் உன் மூஞ்சிய வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். உன் சட்டையகூட போட்டிருக்கான். வெரசா வாடா.”

திருடுகிறவன் இதைவிட நல்ல மூஞ்சியாகப் பார்த்துத் திருடியிருக்க மாட்டானா? இந்த மூஞ்சிக்கு எவள் வருவாள் என்று பத்து வருடமாகத் தலையில் அடித்துக்கொண்டவள் அம்மாதான். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அந்த மூஞ்சிக்காரன் அவளுக்கு நான் இல்லை. பக்கத்தில் போய்ப் பேசினால், “குரலக்கூட கத்துக்கிட்டு வந்திருக்கான் பாவி” என்பாள்.

டாக்டர் காஞ்சனா பொறுமையாகத்தான் சொன்னார். “மகன் முகம்னு அம்மாவோட மூளைக்குத் தெரியுது சார். ஆனா பார்த்ததும் உள்ள ஒரு பாசம் வரும்ல, அதுக்குப் போற நரம்புப் பாதை அடிபட்டிருச்சி. முகம் இருக்கு, பாசம் வரல, அப்ப இவன் வேற ஆளுன்னு மூளையே ஒரு கதை கட்டிக்குது. காது வழி போற பாதை வேற. அது தப்பிச்சிருக்கலாம்.” அந்தக் கடைசி வார்த்தையை அன்று நான் காதில் வாங்கவில்லை. காருக்குப் பின்னால் குந்தியிருந்தபோதுதான் உறைத்தது. முகம் தெரியாதபோது நான் அவளுக்கு மகன்தான்.

நேற்றிலிருந்து அவள் இன்சுலின் போடவில்லை. நான் நீட்டிய ஊசியை விஷம் என்று தட்டிவிட்டாள். இன்றும் போடாவிட்டால் மயங்கிவிடுவார், வார்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று டாக்டர் காலையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன தடவை வார்டில் அவள் கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். செபமாலையைக் கேட்டு அவள் அழுததை நான் பார்த்தேன். இனி ஒரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டு பிரேமாவதி அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். “கையில பாராங் கத்தி வச்சிருக்காங்க லா தம்பி. ஆம்புலன்ஸக் கூப்பிடு. கம்பிய அறுத்துத் தூக்கிட்டுப் போவட்டும்.”

“கொஞ்சம் பொறுக்கா,” என்று கையைக் காட்டினேன்.

அம்மாவுக்கு இடது கை விளங்காது. போனைப் பிடிக்க வேண்டுமென்றால் பாராங்கைக் கீழே வைத்தாக வேண்டும். காருக்குப் பின்னாலிருந்தே எட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கத்தி மேசையில் கிடந்தது. பேச்சை மட்டும் விடக் கூடாது.

“அம்மா, வேலையில இருக்கேன். சாப்பிட்டியா? ஊசி போட்டியா?”

“அவன் தொட்ட ஊசிடா அது.”

“அத விடு. பிரிட்ஜுல முட்ட பக்கத்துல புதுசு ஒண்ணு இருக்கு பாரு. நான் வாங்கி வச்சது.”

“நீ எப்ப வந்து வச்ச?”

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலம்மா,” என்றேன். பொய். பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். பேனா மாதிரி இருக்கும் ஊசியில் மருந்தின் அளவைத் திருகும் டிக் டிக் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. “ஸ்” என்றாள். “போட்டுட்டேன்டா” என்றாள். நான் காரின் டயரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

“உடனே சாப்பிடும்மா.”

“உனக்காகத்தான்டா ஒத்தக் கையாலயே மீன் கறி வச்சேன்.”

அவள் சாப்பிடும் வரை எதையாவது பேசிக்கொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்கிற சத்தத்தில் என் குரல் அவளுக்கு நேராகக் கேட்காது என்று, நனைந்துபோய் வாசலுக்கே வந்து, காதில் இயர்போனைச் செருகி, கதவுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்தேன். அவள் குரல் தணிந்தது.

“அவன் போகலடா. மழையில நனஞ்சிட்டு உக்காந்திருக்கான். காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. யாரு பெத்த புள்ளயோ. கொஞ்சம் சோறு குடுக்கட்டா?”

“குடும்மா,” என்றேன் கையால் வாயை மறைத்து.

பின்னால் காலை இழுத்து நடக்கும் சத்தம். கம்பிக்கு அடியில் தட்டு தரையில் உரசி வந்தது. நான் திரும்பவில்லை. கையைப் பின்னால் நீட்டித் தடவி எடுத்து மடியில் வைத்துப் பிசைந்தேன். கறியில் உப்பே இல்லை. பசியில் அள்ளி அள்ளித் தின்றேன். அழுகையும் வந்தது.

“சாப்பிடுறான்டா,” என்றாள் காதுக்குள். “கறிவேப்பிலைய உன்ன மாதிரியே தட்டு ஓரமா ஒதுக்குறான்.”

“ம்.”

“நீ கவலப்படாத. அவனுக்கு வால்தான் போட்டேன். தலைய உனக்கு எடுத்து மூடி வச்சிருக்கேன். எப்படா வருவ?”

மழை வலுத்தது. மீன் வாலைக் கையில் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், கம்பிக்கு அந்தப் பக்கம், அவளும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.