ஓர் எட்டு அகலம்

எழுவைதீவு இறங்குதுறையின் சீமெந்து விளிம்புக்கும் படகுக்கும் நடுவே ஓர் எட்டு அகலத்துக்குத்தான் தண்ணீர் தெரிந்தது. அதைத் தாண்டத்தான் சில்வெஸ்ரரால் முடியவில்லை.

முந்தின நாள் மாலையிலிருந்து அவருக்குச் சலம் போகவில்லை. அடிவயிறு கல்லாக வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சிறுநீரை எடுக்கக் குழாய் போடாவிட்டால் சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று தீவில் இருந்த தாதி சொல்லிவிட்டாள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் படகை விட்டால் நாளைக்குப் படகு ஓடுமா என்பது அதை ஓட்டுகிற பிரசாந்தனுக்கே தெரியாது.

ஞானசவுந்தரி கணவனின் கையைப் பிடித்தபடி விளிம்பில் நின்றாள்.

"கடலிலை கிடந்து வளர்ந்த மனுசன், ஒரு எட்டு வைக்க இந்தக் கூத்தே அண்ணை?" என்று பிரசாந்தன் படகுக்குள்ளிருந்து கேட்டான். "வாங்கோ, என்ரை கையைப் பிடியுங்கோ."

அந்தத் துறையில் ஏலாதவர்கள் யாராவது ஏறும்போது படகில் இருக்கிற எல்லோரும் கை நீட்டுவார்கள். இப்போதும் நீட்டினார்கள்.

"இஞ்சாலை, இஞ்சாலை!"

"காலைத் தூக்குங்கோ அண்ணை!"

"என்ரை கையைப் பாருங்கோ, அவன்ரை கை வழுக்கும், மீன் வெட்டினவன்!"

அந்த அன்புதான் அவரை இன்னும் குழப்பியது. கண் வேலை செய்யும் விதம் அப்படி. எதிரே இருப்பது முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் கண் கூர்மையாகப் பார்ப்பது, நீட்டிய கையின் பெருவிரல் நகம் அளவு இடத்தைத்தான். அதனால் அது ஓரிடத்தில் தங்கும், சட்டென்று இன்னோரிடத்துக்குத் தாவும், மறுபடி தங்கும். அந்தத் துண்டுகளை மூளை ஒட்டி, ஒரே படமாக நமக்குத் தருகிறது. ஆனால் புதிய இடத்துக்குத் தாவுவதென்றால் முதலில் பழைய இடத்தை விட்டாகவேண்டும். சில்வெஸ்ரருக்கு வந்திருந்த அல்சைமர் நோயில் அந்த விடுதல் பிந்தும். ஒரு கையில் ஒட்டிய பார்வை அதைவிட்டு வருவதற்குள் அடுத்த கை அசைந்துவிடும். எந்தக் கை யாருடையது, எது கிட்ட, எது தூர என்று எதுவும் ஒன்றுசேராது.

தண்ணீர் இன்னும் மோசம். ஆழத்தை அறிய மூளை இரண்டு கண்களும் அனுப்பும் படங்களை ஒப்பிட்டு, வெளிச்சத்தையும் நிழலையும் எடைபோடுகிறது. அந்தக் கணக்குப் பிசகினால் கறுப்பாகத் தெரிவதெல்லாம் குழிதான். வீட்டில் குசினி வாசலில் கிடக்கும் கறுப்புக் கால்மிதியைக்கூட அவர் தாண்டமாட்டார். கண்ணைச் சோதித்த டொக்டர், "கண்ணிலை பிழையில்லை அம்மா. கண் அனுப்புறதை வாசிக்கிற இடத்திலைதான் பிழை" என்று சொல்லியிருந்தார்.

"கிணறு," என்றார் சில்வெஸ்ரர் தண்ணீரைக் காட்டி. "கிணத்துக்கை தள்ளப் பாக்கிறீரே?"

"கிணறில்லையப்பா. கடல்."

இரண்டு பேர் கரைக்கு ஏறி அவரைத் தூக்கப் பார்த்தார்கள். அவர் கயிறு கட்டும் தூணை அணைத்துக்கொண்டு உதைத்தார். படகு அலையில் விலக, ஒருவனின் கால் இடைவெளியில் இறங்கி, முழங்கால் உரசி மீண்டது.

"ஏலாதக்கா," என்றான் அவன் மூச்சிரைக்க. "எல்லாரும் சேந்து விழப்போறம்."

"காத்து ஏறுதக்கா," என்றான் பிரசாந்தன். குரலில் முன்பிருந்த பகிடி போய்விட்டிருந்தது. "இவ்வளவு சனத்தையும் வைச்சுக்கொண்டு இனி நிக்க ஏலாது."

சில்வெஸ்ரர் வயிற்றைப் பிடித்து முனகினார்.

வீட்டில் கால்மிதிக்குக் கிட்ட வந்தால் ஞானசவுந்தரி அவர் கண்களை உள்ளங்கையால் மூடி நடத்துவாள். மூளைக்குப் பிழையான படம் போகாவிட்டால் கால் தன்பாட்டில் நடந்துவிடும். நடைக்கும் சமநிலைக்கும் மூளை கண்ணை மட்டும் நம்பியிருப்பதில்லை. படகின் ஆட்டம் அவர் கால்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் இங்கே அவரைத் தாங்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தாள். கண்களை மறைத்துப் பின்னால் முடிந்தாள்.

முடிச்சு இறுகியதும் முனகல் நின்றது. தூணை அணைத்திருந்த கை கழன்றது. இரண்டு கைகளும் தாமாக முதுகுக்குப் பின்னால் போய், மணிக்கட்டோடு மணிக்கட்டாகச் சேர்ந்தன. தலை குனிந்தது.

படகில் இருந்த வயதான ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சண்டைக் காலத்தில் ஒரு விடியற்காலை, மீன்பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சில்வெஸ்ரரைத் துப்பாக்கியோடு வந்தவர்கள் கடலில் மறித்து, கண்ணையும் கையையும் கட்டிக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் அவர் வரவில்லை. எங்கே இருந்தார், என்ன நடந்தது என்று அவளுக்குச் சொன்னதுமில்லை. இந்த நோய் புதிய நினைவுகளைத்தான் முதலில் அழிக்கும். பயத்தோடு பதிந்த பழையது மற்றவையெல்லாம் போனபின்னும் கிடக்கும். வீட்டில் அவர் கண்களை மூடிய உள்ளங்கையில் அவளுடைய சூடு இருந்தது. துணியில் அது இல்லை. துவாயைக் கட்டும்போது அதை அவள் யோசிக்கவில்லை.

"ஏறுறன் ஐயா," என்றார். "அடிக்காதையுங்கோ. ஏறுறன்."

அவள் கை முடிச்சுக்குப் போனது. அவிழ்த்தால் கிணறு திரும்பி வரும். படகு போய்விடும். முடிச்சை அப்படியே விட்டுவிட்டு அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"காலை வையுங்கோ."

வைத்தார். படகு தாழ்ந்து எழுந்தது. அவருடைய முழங்கால்கள் அதோடு மடிந்து நிமிர்ந்தன. ஒரு தள்ளாட்டமும் இல்லை.

படகு துறையை விட்டதும் துவாயை அவிழ்த்தாள். அவர் கைகளை முன்னுக்கு எடுத்து மடியில் வைத்தாள். அவை மெல்லப் பின்னால் திரும்பிப் போயின.

"நான்தானப்பா, ஞானம். என்ரை முகத்தைப் பாருங்கோ."

ஒரு முகத்தை அறிய, பார்வை அதன் கண்களுக்கும் வாய்க்கும் இடையே ஓடி ஓடிப் பொறுக்கவேண்டும். அவர் பார்வை அவள் காதில் மினுங்கிய தோட்டில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"ஐயா," என்றார் மெதுவாக. "எழுவைதீவிலை என்ரை மனுசி இருக்கிறா. ஞானம் எண்டு பேர். அவவுக்கு மட்டும் சொல்லிவிடுங்கோ."

"என்னெண்டு சொல்ல?" என்று கேட்டாள்.

"வலை கரையிலை காயுது. மழைக்கு முதல் எடுக்கச் சொல்லுங்கோ. என்னைத் தேடி வரவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ."

"ஓம்," என்றாள் ஞானசவுந்தரி. "சொல்லுறன்."

தூரத்தில் ஊர்காவற்றுறைக் கரை தெரியத் தொடங்கியது. அங்கேயும் இறங்கவேண்டும். அங்கேயும் படகுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் இருக்கும். அவள் துவாயை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.