சுட்டி இல்லாத காளை

அப்பாவின் கால்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது கொட்டகையில் செவலை கத்தத் தொடங்கியது. மகளின் கை நின்றது. பசிக்குக் கத்தும் குரல் இல்லை அது, காளைக்குக் கத்தும் குரல். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பசு வாலை ஒதுக்கிக்கொண்டு, கட்டியிருந்த கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அண்ணனும் அதைக் கேட்டுவிட்டான். உள்ளே வந்து, அடக்கம் முடிந்ததும் சுட்டியை அவிழ்த்து விட்டுவிடலாம் என்றான். அப்பா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார் என்றான்.

சுட்டி அப்பாவின் காளை. நெற்றியில் விரலால் தொட்டு வைத்ததுபோல வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் இனத்தின் அடையாளம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த காலமெல்லாம், அது இல்லாத காளைகளைக் காயடிக்க வைத்தார். கடைசியில் சுட்டியும் அதன் பிள்ளைகளும்தான் சுற்றுவட்டாரக் கொட்டகைகளில் நின்றன. கண்காட்சிக்கு வந்தவர்கள், எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன என்று மெச்சினார்கள். அண்ணன் தம்பிகள்தான்.

செவலை சுட்டியின் மகள். போன முறையும் அதைச் சுட்டிக்கே விட்டார்கள். பிறந்த கன்றுக்கு முன்னங்கால்கள் நிமிரவே இல்லை. வாயில் வைத்தாலும் காம்பைச் சப்பத் தெரியவில்லை. மகள் புட்டியில் பால் புகட்டினாள். சில நாட்களில் அவள் மடியில் தலையை வைத்தபடி அது போய்விட்டது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அப்பா. அதற்கு முன் வேறொரு பசுவின் கன்று குருடாகப் பிறந்தபோது தீவனத்தைக் குறை சொன்னார்.

இனிச் செவலையைச் சுட்டிக்கு விட வேண்டாம் என்று நேற்று மாலையும் அவள் வாதாடிப் பார்த்தாள். படித்தவள் மாதிரி பேசாதே, மாட்டுக்காரன் மகள் மாதிரி பேசு என்று சிரித்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் எழவில்லை.

"சுட்டிக்கு விடாதண்ணே," என்றாள் இப்போது. "அவன்தான் அதுக்கு அப்பன்."

"மாட்டுக்கு ஏதுடி அப்பன்? வேற எதுக்கு விடுவ? இங்க இருக்கிறதெல்லாம் அவன் பிள்ளைங்கதான்."

அது உண்மை. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றின் சொந்தக்காரர் துக்கத்துக்கு வந்து, வெளிக்கதவுக்கு அப்பால், செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தார். பால் வண்டிக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மந்தையிலிருந்து சாம்பல் நிறக் காளை ஒன்றை வாங்கி வந்தவர். அதே இனம்தான், நெற்றி மட்டும் வெறுமை. காயடிக்க மாட்டேன் என்றதற்காக அப்பா அவரைச் சங்கத்திலிருந்து நீக்கினார். முகத்தில் முகவரி இல்லாத மாடு என்று அப்பா அடித்த கேலிக்குக் கூட்டமே சிரித்தது. அதன்பின் அவர் வண்டி இந்தத் தெருவுக்குள் வந்ததில்லை.

மகள் ஈரக்கையோடு அவரிடம் போனாள். உள்ளே அழைக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து அவர் தயங்கினார். அவள் காளையைக் கேட்டாள். அவர் வீட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. நானா ஓட்டிட்டு வந்தா, செத்தவர்கிட்ட ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

அவள் திரும்பி வந்தாள். அண்ணன் வழி மறித்தான்.

"அவர் இன்னும் கட்டில்ல கிடக்காரு. அதுக்குள்ளயா?"

"அடக்கம் பண்ணிட்டு வந்ததும் நீ சுட்டிய அவுத்து விட்டுடுவ. அப்புறம் நான் பேசி என்ன பிரயோஜனம்?"

அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். சொந்த அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். அண்ணன் தங்கை இருவருக்கும் முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"இன்னும் எத்தனை கன்னும்மா சாகணும்?" என்றாள் மகள்.

அம்மா கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னு மட்டுமா," என்றாள்.

அண்ணன் தரையைப் பார்த்தான். செவலை மறுபடியும் கத்தியது. அம்மா போர்வையை இழுத்து, தூங்குகிறவருக்குச் செய்வதுபோல, கணவரின் மார்பு வரை மூடிவிட்டாள்.

"அவர உள்ள வரச் சொல்லு. மாட்டையும் கொண்டாரச் சொல்லு."

சாம்பல் காளை உள்ளே வருவதற்குள் சுட்டியைப் பின்பக்கம் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. நேற்று மாலை அப்பா போட்ட முடிச்சு. காளை இழுத்து இழுத்து நன்றாக இறுகியிருந்தது. அண்ணன் அரிவாளை எடுத்து வந்தான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மகள் நகத்தால் அதை நெம்பத் தொடங்கினாள்.

வெளிக்கதவருகே, சாம்பல் காளையின் கயிற்றைப் பிடித்தபடி பால் வண்டிக்காரர் காத்திருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார்.

முடிச்சு அசையவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கயிறு தளர்வதற்காகச் சுட்டியின் கழுத்தை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.