பேச்சியம்மாளின் ஆற்றங்கரை

ஜப்பான்காரன் வந்தபின் கூலாய் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடிய சிற்றாற்றின் விளிம்புவரை காட்டை அழித்து, எல்லோரும் மரவள்ளி நட்டார்கள். கிழங்கு பிடுங்கப் பிடுங்கக் கரை இளகியது. மழை அந்த மண்ணை ஆற்றில் கொட்டியது. சேறான தண்ணீரில் மீன் தங்கவில்லை. மரவள்ளியே தின்று பேச்சியம்மாளின் மகளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது.

பாதி நாள் நடையில், மேலாற்றுச் சதுப்பில், பழைய கரை அப்படியே இருந்தது. அங்கே மீனும் இருந்தது. அங்கிருந்து தாழையும் நாணலும் சுமந்து வந்து, பேச்சியம்மாள் தன் பங்குக் கரையில் நட்டாள்.

“கிழங்க விட்டுட்டுப் புல்லு நடுறியே, மாடா வளக்கப் போற?” என்று அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளி சிரித்தாள்.

“ஆமாக்கா. பால் மொதல்ல ஒனக்குத்தான்.”

மரம் வெட்ட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போயிருந்த கணவன் வீரமுத்து, எலும்பும் தோலுமாய்த் திரும்பி வந்தான். தனியே பாடுபட்டவளுக்கு ஏதாவது செய்ய அவன் மனம் துடித்தது. மறுநாள் அவள் கீரை பறித்துவிட்டு வந்தபோது, கரை மொட்டையாகக் கிடந்தது.

“பாத்தியா? ஒரு புல்லு இல்ல. களை பாக்கக் கங்காணி வந்தாலும் குத்தம் சொல்ல முடியாது லா!” என்றான் பெருமையாக.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அது நான் நட்டதுங்க. வேரு மண்ணப் புடிச்சாத்தான மீனு திரும்பும்? பாப்பாவுக்காக நட்டேன். மழ வேற வரப்போவுது.”

வீரமுத்துவின் முகம் வெளிறியது. சட்டென்று, பிடுங்கியதையெல்லாம் மரத்தடியில் போட்டிருந்த குவியலுக்கு ஓடினான்.

“பேச்சி, இங்க வாயேன்! எல்லாத்தயும் வேரோடதான் புடுங்கியிருக்கேன். வெட்டுனா திரும்ப மொளைக்கும்னு கங்காணி அடிச்சு அடிச்சுப் பழக்குனது. ஈரங்கூடக் காயல, பாரு!”

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் முழங்கால் சேற்றில் இறங்கி, இருட்டும்வரை நட்டார்கள்.

“ரொம்ப எளச்சிட்டீங்க.”

“நீ மட்டும் குண்டாவா இருக்க?”

மழைக்காலத்தில் அவர்கள் கரை அசையவில்லை. தண்ணீர் தெளிந்த ஒரு காலை, தாழை வேர்களுக்கிடையில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று மொய்த்தன. தாய் விரால் கீழே காவல் நின்றது. வீரமுத்து தூண்டிலை வீசப் போனான். பேச்சியம்மாள் அவன் கையைப் பிடித்தாள்.

“குஞ்சு பெரிசாவட்டுங்க. அந்த நாணல் ஓரத்துல கெளுத்தி இருக்கு, அங்க போடுங்க.”

அன்று மதியம் மகள் மீன்குழம்பை விரலோடு சேர்த்துச் சப்பினாள்.