மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

பெரிய டாக்டர் உள்ளே போய் ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் அட்டையும் கையுமாக நின்ற கறாரக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த தரை காய்வதற்குள் கால் வைப்பவர்களை விரட்டி விரட்டி, துப்புரவு வேலையில் அவள் சம்பாதித்த பெயர் அது. ஆனால் அந்தக் கறாரெல்லாம் டாக்டர்கள் எதிரே வரும்வரைதான்.

இபோலா சந்தேகத்தோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்று மூன்று வாரமாக ஒத்திகை நடந்தது. பின்வாசல் அறையைத் தடுத்து, உள்ளே போக ஒரு வழி, வெளியே வர வேறு வழி என்று ஆக்கினார்கள். கவச உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். எதிரே நின்று அட்டையைப் பார்த்து ஒவ்வொரு படியாக வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் இவள்தான் என்று தலைமை நர்ஸ் இவளைப் போட்டார். முதல் ஒத்திகையிலேயே பெரிய டாக்டர் ஒரு படியைத் தாண்டினார். இவள் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

“உங்க மரியாதையே அவரைக் கொன்னுடும்க்கா” என்றார் தலைமை நர்ஸ். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று ஒத்திகை இல்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் காய்ச்சலும் வாந்தியுமாகக் காலையில் வந்து சேர்ந்திருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்குத்தான் வரும்.

கதவு திறந்தது. டாக்டர் தள்ளாடியபடி வந்தார். கண்ணாடிக்குள் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. முதலில் கையுறையைக் கழுவ வேண்டும் என்று அவள் வாசித்து முடிப்பதற்குள் அவர் கை தானாக முகத்துக்குப் போனது.

“கையை இறக்குங்க!”

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. கை அந்தரத்தில் நின்றது.

“பட்டுச்சா?” என்றார் டாக்டர்.

அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து நான்கு நாள். முதல் பேத்தி. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள் என்று காலையில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டது என்றால் இன்று வீட்டுக்குப் போக முடியாது. உள்ளே இருப்பவருக்கு இபோலாதான் என்று ஆகிவிட்டால் இருபத்தொரு நாள் தனி அறைதான்.

கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே, கொஞ்சம் தோல் தெரிந்த இடத்தில், ஒரு விரல் நுனி. கண் இமைக்கும் நேரம்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

“எனக்குப் பட்ட மாதிரி தெரியலயே...” என்றார். அவர் குரல் கெஞ்சியது. எத்தனையோ வருடத்தில் அவர் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“பட்டுச்சு சார். வலது கன்னம். நான் பார்த்தேன்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதல் படியை மறுபடியும் வாசித்தாள். டாக்டர் இரண்டு கைகளையும் குளோரின் தண்ணீருக்குள் முக்கினார். கைகளை வெளியே எடுக்காமல், அடுத்து அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.