அம்முவுக்குச் சுமந்த பிள்ளை

இருதயம்மாளும் அம்முவும் தோஸ்து ஆனது பிரசவ ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையில் வந்து சேர்ந்தவர்கள். இருதயத்துக்கு எட்டாம் மாதப் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிப் போயிருந்தது. அம்முவுக்குப் பிள்ளையும் போய், உயிர் பிழைக்கக் கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று. சுற்றிலும் தொட்டில் பிள்ளைகள் வீல் வீலென்று கத்த, இவர்கள் இருவரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு பத்து நாள் கிடந்தார்கள்.

நான்காம் நாள் அம்முவின் புருஷன் குணசேகரன் தானே ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான். அம்மு ஒரு வாய் குடித்துவிட்டு, "இருதயம், கொஞ்சம் குடிச்சுப் பாரு. அழுறதுக்கு வேற காரணம் கெடைக்கும்" என்றாள். இருதயம் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே அழவும் செய்தாள். சிநேகம் அப்படிப் பிடித்ததுதான்.

இருதயத்தின் வீடு ராயபுரத்தில், மாதா கோயில் மணி கேட்கிற சந்தில். புருஷன் தாமஸ் ஹார்பரில் கப்பல் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். அம்முவுக்கு வியாசர்பாடி, குணசேகரனுக்குப் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் இவள் அங்கே, இல்லாவிட்டால் அவள் இங்கே. இருதயத்துக்கு அப்புறம் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு பிரசவத்துக்கும் கூட நின்றவள் அம்முதான். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், சாம்பிராணி போடுவாள், பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறிவிடுவாள். ஏறும்போது ஒருநாளும் திரும்பிப் பார்க்கமாட்டாள். இருதயம் அதைக் கவனித்து மனசில் வைத்திருந்தாள்.

சின்னவனுக்கு மூன்று வயதானபோது தாமஸிடம் பேச்சை எடுத்தாள். அவன் மீன்குழம்பில் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

"இன்னொண்ணு பெத்துக்கலாம்னு கீறேன்."

"ரெண்டே வூட்டப் பொரட்டிப் போடுதுங்க. போதாதா?"

"நமக்கு இல்ல. அம்முவுக்கு."

தாமஸின் கை நின்றது. "இன்னாமே, இடியாப்பம் புழிஞ்சு தர்ற மாதிரி சொல்ற? அது எம்புள்ள ஆச்சே."

"உம்புள்ளதான், யாரு இல்லேன்னா? எனுக்குப் பெக்க முடியுது, அவளுக்கு வளக்க முடியும். அந்தப் பத்து நாளும் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கெடந்தோம். நான் எழுந்து வந்துட்டேன்யா. அவ இன்னும் அங்கயேதான் கெடக்கறா."

மூன்று நாள் தாமஸ் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்காம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்: "குணசேகரன் குடிப்பானா?"

"மாட்டாரு."

"கைநீட்டுவானா?"

"ரசம் வெப்பாரு. அது ஒண்ணுதான் அவர்கிட்ட கொற."

"ஞானஸ்நானம்?"

"அவுங்க வூட்டுப் புள்ளைக்கு அவுங்க சாமி."

தாமஸ் பொத்தானைப் போட்டுவிட்டு, "செரி" என்றான்.

விஷயம் கேட்டு அம்மு திட்டினாள். "புள்ள இன்னா மீனா, கூறு போட்டுக் குடுக்க?" என்று சொல்லிவிட்டுப் போனவள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் ஞாயிறு புருஷனோடு வந்தாள். குணசேகரன் வாசற்படியில் நின்றபடி, "தங்கச்சி" என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். தாமஸ் அவனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அடுத்த சித்திரையில் இருதயம் குளிக்காமல் போனாள். அவளுக்கு மசக்கை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அம்முதான் காலையில் வாந்தியெடுத்தாள், மாங்காய் தின்றாள், மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தினாள். குணசேகரன் வேலை முடிந்து, கரி படிந்த சட்டையோடு வந்து நின்று, இருதயத்தின் வயிற்றைப் பார்த்து, "இன்னா, சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போவான்.

ஆறாம் மாதத்தில் ஒரு கூத்து நடந்தது. குணசேகரனின் அக்கா தாயம்மா, ஊர் வாயை அடைக்க வேண்டுமென்றால் வயிற்றில் துணி கட்டிக்கொள் என்று அம்முவுக்கு யோசனை சொன்னாள். அம்மு ஒரு பழைய சேலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே இருவரும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள். இருதயத்துக்கு ஒல்லி உடம்பு, வயிறு அவ்வளவாகத் தெரியாது. அம்முவின் வயிறோ பூசணிக்காய். கண்டக்டர் ஒரு ஆளை எழுப்பிவிட்டு, "புள்ளத்தாச்சிம்மா, நீ குந்து" என்று அம்முவை உட்கார வைத்தார். நிஜப் பிள்ளைத்தாச்சி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். அம்மு எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தாள். பக்கத்து சீட்டு அம்மாள், "வயித்துப் புள்ளைய வச்சிக்கினு எழுந்துக்கலாமா?" என்று தோளைப் பிடித்து அமுக்கிவிட்டாள். இருதயத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மு ஒரு சுவர் மறைவுக்குப் போய்த் துணியை உருவிப் பையில் திணித்தாள். "பேஜாரு. கேக்கறவங்களுக்கு நெசத்தயே சொல்லிக்கறேன்" என்றாள். அப்படியே சொன்னாள். வியாசர்பாடியில் ஒரு வாரம் பேசினார்கள்; அப்புறம் குழாயில் தண்ணீர் வராத பேச்சு வந்து அதை மறக்கடித்தது.

எட்டாம் மாதம் தொடங்கியபோதுதான் இருதயத்தின் சிரிப்பு குறைந்தது. பையன்கள் இருவரையும் சுமந்தபோதும் அந்த மாதத்தில் இப்படித்தான் இருந்தது. உட்கார்ந்தால் வயிற்றில் கை வைத்து அசைவைத் தேடுவாள். இந்தத் தடவை பயம் இரட்டிப்பு. போனால் இரண்டு வீட்டுப் பிள்ளை போகும். அம்மு எதுவும் கேட்காமல் ஒரு பாயோடு வந்து கூடத்தில் தங்கிவிட்டாள். காலையும் மாலையும் இருதயத்தின் வயிற்றில் காதை வைத்து, "உதைக்குது. நல்லா உதைக்குது. தாமஸு அண்ணன் கால்தான்" என்பாள். முப்பது நாளும் அப்படியே கழிந்தன.

பொங்கலுக்கு முந்தின வாரம், பகல் பதினோரு மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். நல்ல கறுப்பு, தலை நிறைய முடி. நர்ஸ் வந்து, "யாருகிட்ட குடுக்கறது?" என்று கேட்க, இருதயம் அம்முவைக் காட்டினாள்.

அம்மு கையை நீட்டவில்லை. "பொட்டப்புள்ள இருதயம். உனுக்கு ரெண்டும் பசங்க. பொண்ணுன்னா உனுக்கு எவ்ளோ ஆசைன்னு எனுக்குத் தெரியாதா? நீயே வச்சிக்கோ. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

இருதயத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் ஒரு நிமிஷம் முன்னால் அவளும் அதையே நினைத்திருந்தாள்.

"ஒன்பது மாசம் நீ வாந்தியெடுத்தியே, அத்த யாருகிட்ட குடுக்கறது? புள்ளைய வாங்குமே. நர்சம்மாவுக்குக் கை வலிக்குது."

அம்மு வாங்கினாள். வாங்கியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பது நாள் அம்மு ராயபுரத்திலேயே இருந்தாள். இருதயம் பால் கொடுப்பாள், மற்றதெல்லாம் அம்மு. குழந்தைக்கு வேம்பு என்று பெயர் வைத்தார்கள். அது குணசேகரனின் அம்மா பெயர். நாற்பத்தோராம் நாள் ரிக்‌ஷாவில் ஏறும்போது அம்மு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். சந்து முனை தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள். இருதயத்துக்கு அன்று மார் கட்டி வலித்தது. தாமஸ் கடைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கிவந்து கொடுத்தான். மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று யாரோ ஹார்பரில் சொன்னார்களாம். இருதயம் கொஞ்ச நேரம் அழுதாள். பையன்கள் பூவைப் பிய்த்து விளையாட ஆரம்பித்ததும் எழுந்து அவர்களை விரட்டப் போனாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்குப் போனபோது வேம்புவுக்கு எட்டாம் மாதம். முகம் தெரிகிற வயசு. இருதயம் ஆசையாகத் தூக்கினாள். குழந்தை அவளை ஒரு பார்வை பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, பிறகு ஊரே கூடுகிற மாதிரி கத்தி, அம்முவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

அம்மு பதறிப்போனாள். "ஏய், யாருன்னு தெரியுதா இது? சும்மாரு" என்று குழந்தையை அதட்டினாள்.

இருதயத்துக்குள் எதுவோ சுருக்கென்றது. அது நின்ற இடத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்து உட்கார்ந்தது. "அவள ஏன் திட்டுற? அம்மாகிட்ட போணுங்குது. புடி."

அம்முவின் தோளுக்குப் போனதும் வேம்பு கப்சிப் ஆகி, அங்கிருந்தபடி இருதயத்தை வேடிக்கை பார்த்தது. குணசேகரன் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, ரசம் ஆகிவிட்டது, சாப்பிட உட்காரலாம் என்றான். தாமஸும் இருதயமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இலை முன்னால் உட்கார்ந்தார்கள்.